மூளையின் வடிகால்

மாணவி, மூன்றாம் ஆண்டு விலங்கியல்

ஆண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, தேனீக்களின் வாழ்க்கை முறை பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது மனம் வேறொன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. சென்ற கோடையில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று அது. அதை அறிவியல் மாணவி என்ற முறையில் நான் புரிந்துகொள்ளவே பல மாதங்கள் ஆயின. புரிந்துகொண்டதை உடன் பயிலும் தோழர் தோழியர்க்குச் சொல்லாமல் தேனீயைப் பற்றி எழுதுவது முறையாகாது என்று தோன்றியது. ஆகவே இக்கட்டுரை.

அக்காவுக்கு வந்த தலைவலி

எங்கள் ஊர் ஜெயமங்கலம். என் அக்கா தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். சித்திரை மாதம். ஆண் குழந்தை, சுகப்பிரசவம். நான்காம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டில் அப்பத்தாவின் சட்டம். ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு சரிந்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார். மருந்துக்குழம்பும் கொஞ்சம் சோறும் உண்டு. தண்ணீர் மட்டும் கணக்குத்தான். சன்னல் கதவைச் சாத்திய அறையில், அந்த வெயிலில், அக்காவுக்கு வியர்வை நிற்கவே இல்லை.

இரவில் அவளுக்குத் துணையாகப் படுத்தவள் நான். எட்டாம் நாள் இரவு, "தாகமா இருக்குடி, ஒரு செம்புத் தண்ணி கொடு" என்று கேட்டாள். நான் அரை டம்ளர் வெந்நீர் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டாள். "அப்பத்தா வையும்க்கா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் தலைவலி தொடங்கியது. "தலையில நீர் கோத்திருக்கு" என்று அப்பத்தா சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார். கேட்கவில்லை. அருகில் உள்ள ஒரு மருத்துவரிடம் காட்டினோம். தூக்கக் கேடு என்று சொல்லித் தலைவலி மாத்திரை கொடுத்தார். பத்தாம் நாள் வாந்தி. கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். படுத்தால் வலி கூடுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளின் வலக்கை துடித்தது. பிறகு உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. குழந்தையை நான்தான் வாங்கினேன்.

ஜன்னி என்றார்கள் சிலர். காற்றுக் கருப்பு என்றார்கள் சிலர். கோடாங்கியை அழைத்துவர ஆள் கிளம்பியது. எங்கள் மாமா மட்டும் யாரையும் கேட்காமல் 108-க்குச் சொல்லிவிட்டார். அன்று பிற்பகல் அக்கா மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். மாலையில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள்; அதோடு சேர்த்துச் சிரைகளை மட்டும் காட்டும் படமும் எடுத்தார்கள். "மூளையிலிருந்து இரத்தம் வெளியேறும் பெரிய குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது" என்றார் மருத்துவர் அம்மா. மூளைச் சிரை அடைப்பு என்பது நோயின் பெயர்.

வாய்க்காலும் வடிகாலும்

பக்கவாதம் என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது அது. வராக நதிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. வாய்க்கால் அடைபட்டால் வயல் காயும். ஆனால் வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு தேவையோ அவ்வளவு வடிகாலும் தேவை. வடிகால் அடைபட்டால் என்ன ஆகும்? மடையில் நீர் வந்துகொண்டே இருக்கும். போக வழி இராது. வயலில் நீர் தேங்கும், பயிர் அழுகும், கடைசியில் வரப்பு உடைத்துக்கொள்ளும். மூளைச் சிரை அடைப்பு இந்த இரண்டாம் வகை.

நம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் இரத்தம் செல்கிறது. அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். மூளையின் சிறு சிரைகள் மண்டையோட்டின் உட்புறம் மூளையுறையில் அமைந்த அகன்ற கால்வாய்களில் சேர்கின்றன. மருத்துவர்கள் இவற்றையும் சைனஸ் என்றே அழைக்கின்றனர். சளி பிடிக்கும் மூக்குச் சைனஸ் வேறு, இது வேறு. உச்சந்தலையின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் கால்வாய் பெரியது. அது பிடரிப் பக்கம் இரண்டாகப் பிரிந்து, காதுகளின் பின்புறமாக இறங்கி, கழுத்துச் சிரைகளில் கலந்து இதயத்தை அடைகிறது.

இந்தக் கால்வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட மூளைத் திரவம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சுரக்கிறது. அதன் பெரும்பகுதி இந்தக் கால்வாயில்தான் வடிகிறது. ஆகவே கால்வாய் அடைபட்டால் இரத்தமும் தேங்கும், திரவமும் தேங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். தலைவலி, வாந்தி, கண் மங்கல் ஆகியவை இந்த அழுத்தத்தின் விளைவுகள். படுக்கும்போது வலி கூடுவதும் இதனால்தான். தேக்கம் மிகும்போது மூளைத் திசு வீங்கும். சிறு சிரைகள் வெடித்து இரத்தம் கசியும். வலிப்பும் கைகால் தளர்ச்சியும் அப்போது வருபவை.

தலையில் நீர் கோத்திருக்கிறது என்று அப்பத்தா சொன்னாரே, இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அச்சொல்லை என்னால் முழுதும் தள்ளிவிட முடியவில்லை. நோயின் தோற்றத்தை அவர் சரியாகவே சொன்னார். காரணமும் மருந்தும்தான் வேறாக இருந்தன.

இந்நோய் அரிது. முன்பு பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்கு வருவதாகக் கணக்கிட்டனர். நல்ல படக்கருவிகள் வந்தபின் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு காணப்படுகிறது. 1825-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ரீப் இதை முதன்முதல் விவரித்தார். புற்றுநோய் பரவியிருந்த 45 வயது ஆண் ஒருவர் அவருடைய நோயாளி. 1828-இல் ஜான் ஆபர்குரோம்பி, பிரசவித்த பெண் ஒருத்தியிடம் இதைக் கண்டு எழுதினார். அதன்பின் நெடுங்காலம் இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்துத்தான் இந்நோயை அறிய முடிந்தது.

நம் நாட்டில் இந்நோய்க்கும் பேறுகாலத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் மூளை இரத்தக்குழாய்களில் உறைவு ஏற்பட்ட 135 பேரை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட கட்டுரை உலக மருத்துவ நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இரத்தம் ஏன் உறைகிறது?

வெட்டுக்காயம் பட்டால் இரத்தம் உறையாவிட்டால் நாம் உயிர் வாழ முடியாது. ஓடும் குழாய்க்குள் உறைந்தாலும் உயிர் வாழ முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தராசுபோல் இரத்தம் வாழ்நாள் முழுவதும் நிற்கிறது.

தராசின் ஒரு தட்டில் உறைவிக்கும் பொருள்கள். இரத்தத் தட்டணுக்கள் காயத்தில் ஒட்டிக் குவிகின்றன. உறைதற் காரணிகள் எனப்படும் பொருள்கள் ஒன்றை ஒன்று தூண்டுகின்றன. இவற்றுக்கு 1 முதல் 13 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 6 என்ற எண்ணுக்கு மட்டும் இப்போது ஆள் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை கல்லீரலில் உண்டாகும் புரதங்கள். வரிசையின் முடிவில் திராம்பின் என்னும் நொதி தோன்றி, இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாக மாற்றுகிறது. அந்நூல் வலைபோல் பின்னி இரத்த அணுக்களைச் சிக்க வைக்கிறது. அதுவே உறைகட்டி.

மறுதட்டில் தடுக்கும் பொருள்கள். ஆன்டித்திராம்பின் என்பது திராம்பினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. புரதம் சி, புரதம் எஸ் என்னும் இரண்டும் சேர்ந்து 5, 8 ஆகிய காரணிகளை அறுக்கின்றன. இப்பெயர்களில் ஒரு சுவை உண்டு. வேதியியல் முறையில் பிரித்தபோது மூன்றாவதாக வெளிவந்ததால் ஒன்று புரதம் சி ஆயிற்று. சியாட்டில் நகரில் கண்டறியப்பட்டதால் மற்றது புரதம் எஸ் ஆயிற்று. இவையன்றி, உருவான கட்டியைக் கரைக்கப் பிளாஸ்மின் என்னும் நொதியும் உண்டு.

ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1856-ஆம் ஆண்டு வாக்கில் எழுதியவற்றைக் கொண்டு, குழாய்க்குள் உறைவு ஏற்பட மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, ஓட்டம் தளர்வது. இரண்டு, குழாயின் சுவர் பழுதடைவது. மூன்று, இரத்தத்தின் தன்மையே மாறுவது. மூளைச் சிரை அடைப்பில் பெரும்பங்கு வகிப்பது இந்த மூன்றாவது. ஆகையால் நோய் தலையில் இருந்தாலும் அதன் மூலத்தைக் கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இரத்தத்தில் உள்ள குற்றவாளிகள்

முதலில் பிறவியிலேயே வருபவை. ஆன்டித்திராம்பின் குறைவால் ஒரு குடும்பத்தில் பலருக்கு உறைவு ஏற்படுவதை 1965-இல் நார்வே நாட்டு மருத்துவர் எகபெர்க் கண்டறிந்தார். 1994-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், 5-ஆம் காரணியில் ஒரு மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. இந்த மாற்றம் உள்ளவரின் 5-ஆம் காரணியைப் புரதம் சி எளிதில் அறுக்க முடியாது. ஐரோப்பியரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் காணப்படும் இது நம் மக்களிடம் மிகக் குறைவு. ஒரு நாட்டில் முதலில் தேட வேண்டியது மற்றொரு நாட்டில் கடைசியில் தேட வேண்டியதாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து, இடையில் வந்து சேர்பவை. சிலருடைய உடலில் எதிர்ப்பொருள்கள் அயலாரை விட்டுவிட்டுத் தம் வீட்டாரையே தாக்குகின்றன. கொழுப்புப் புரதச் சேர்க்கைகளுக்கு எதிரான இத்தகைய பொருள்கள் உறைவைத் தூண்டுகின்றன. கருச்சிதைவும் அடிக்கடி நேரும். எலும்பு மச்சையில் 2005-இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றம், இரத்த அணுக்களை அளவுக்கு மீறிப் பெருக்கி இரத்தத்தைத் தடிக்கச் செய்கிறது. 2021-இல் கொரோனா தடுப்பூசிகளில் ஒரு வகையைப் பெற்ற மிகச் சிலருக்கு மூளைச் சிரை அடைப்பு வந்ததை நாம் செய்தித்தாள்களில் படித்தோம். தட்டணுக்கள் வெளியிடும் ஒரு புரதத்துக்கு எதிராக அவர்கள் உடலில் எதிர்ப்பொருள் தோன்றித் தட்டணுக்களை ஒன்றாகக் கோத்துவிட்டது என்பது சில வாரங்களிலேயே தெளிவாயிற்று. ஊசி போட்டது கையில், அடைப்பு மூளையில். இரத்தத்தில் ஓடும் ஒரு பொருளே இந்நோயை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

நமக்கு மிக நெருக்கமானவை இனி வருபவை. ஹோமோசிஸ்டீன் என்பது நம் உடலில் இயல்பாகத் தோன்றும் ஓர் அமினோ அமிலம். அதை வேறு பொருளாக மாற்ற ஃபோலேட்டும் பி12 வைட்டமினும் வேண்டும். இவை குறைந்தால் ஹோமோசிஸ்டீன் தேங்குகிறது. இரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து, உறைவுக்குச் சாதகமாகிறது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் பேறுகாலத்தில் இந்நோய் கண்ட பெண்களை ஆராய்ந்து, ஹோமோசிஸ்டீன் மிகுதியும் ஃபோலேட் குறைவும் இந்நோயோடு தொடர்புடையன என்று 2008-இல் வெளியிட்டனர்.

இரத்தசோகையும் ஒரு காரணம் என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. இரத்தம் குறைந்தால் உறைவும் குறையத்தானே வேண்டும்? அப்படியன்று. இரும்புச்சத்துக் குறையும்போது பலருக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது. இரத்த ஓட்டத்தின் போக்கும் மாறுகிறது. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் இந்நோய் கண்ட 428 பேரைப் பற்றி 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், இரத்தசோகையும் ஹோமோசிஸ்டீன் மிகுதியும் தனித்தனியே நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவில் காணப்பட்டன. அந்த 428 பேரில் பாதிக்கு மேல் ஆண்கள்! மதுப்பழக்கமும் அவர்களின் காரணங்களுள் ஒன்று. ஆகவே இது பெண்களின் நோய் என்று மாணவ நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மாணவியர்க்கு ஒரு சொல். கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன், கல்லீரலைத் தூண்டி உறைதற் காரணிகளை மிகுவிக்கிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாள் தள்ளிப்போடுவதற்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் உள்ள நோரெதிஸ்டிரோன், அதிக அளவில் உட்கொள்ளும்போது ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாகவே உடலில் மாறுகிறது. பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் வேறு குறை உள்ளவர் யார் என்பது அவர் முகத்தில் எழுதியிருப்பதில்லை. மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரையை உட்கொள்ளலாகாது.

தாயின் இரத்தம்

இனிப் பேறுகாலத்துக்கு வருவோம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்து விழும் இடம் ஒரு பெரிய திறந்த காயம். அங்கே இரத்தம் உடனே நிற்காவிட்டால் தாய் சில நிமிடங்களில் இறந்துபோவாள். கருப்பை சுருங்கி அதை நிறுத்துகிறது; இரத்தமும் அதற்குத் தன்னை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்கிறது. ஃபைப்ரினோஜன் பெருகுகிறது. 7, 8, 10 ஆகிய காரணிகள் பெருகுகின்றன. தடுக்கும் பக்கத்தில் புரதம் எஸ் குறைகிறது. கட்டியைக் கரைக்கும் ஆற்றலும் மட்டுப்படுகிறது. தராசு வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்க்கப்படுகிறது.

பிள்ளை பிறந்தவுடன் தராசு நிமிர்வதில்லை. அதற்கு ஆறு வாரங்கள் ஆகும். உறைவு அபாயம் ஓரளவுக்குப் பன்னிரண்டு வாரம் வரைகூட இருப்பதாக 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டுகிறது. தாயைக் காக்கவே இயற்கை செய்த ஏற்பாடு அது. அதன்மேல் நாம் எதை ஏற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. தண்ணீர் குறைந்தால் இரத்தம் தடிக்கிறது, ஓட்டம் தளர்கிறது. பிரசவத்தில் இரத்தப்போக்கு, வியர்வை, பால் சுரப்பதற்கும் நீர் வேண்டும். இத்தனை செலவுக்கும் வரவு அரை டம்ளர் வெந்நீர் என்றால் கணக்கு எப்படி நேராகும்?

அக்காவின் இரத்தப் பரிசோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹீமோகுளோபின் 8. ஹோமோசிஸ்டீன் மிகுதி. பி12 குறைவு. "தண்ணி கொடுக்காததுதான் காரணமா டாக்டர்?" என்று நான் கேட்டேன். மருத்துவர் அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பேறுகாலம் ஒன்று, சோகை ஒன்று, வைட்டமின் குறை ஒன்று, நீர் வற்றியது ஒன்று. தனித்தனியாக வந்திருந்தால் எதுவும் நடக்காமலும் போயிருக்கும். எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டன" என்றார். அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதன்று. பின்னர் நான் படித்தவையும் அதையே சொல்கின்றன. ஆனாலும் அந்த நான்கில் ஒன்று என் கையில் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

கசிவுக்கு மேல் இளக்கும் மருந்தா?

அக்காவின் மூளையில் சிறிது இரத்தக் கசிவும் இருந்தது. அப்படியிருந்தும் ஹெபாரின் ஊசி போடப் போகிறோம் என்றார்கள். அப்பா பதறிவிட்டார். "ரத்தம் கசிஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க, ரத்தத்தை இளக்குற மருந்தையும் கொடுக்குறேங்கிறீங்களே அம்மா" என்று கையெழுத்துப் போட மறுத்தார்.

மருத்துவர் அம்மா ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கசிவு ஏன் வந்தது? வடிகால் அடைபட்டதால். அடைப்பு வளர விட்டால் கசிவும் வளரும். ஹெபாரின் இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை; ஆன்டித்திராம்பினின் ஆற்றலைப் பன்மடங்கு ஆக்கிக் கட்டி மேலும் வளராமல் நிறுத்துகிறது. உள்ளதைக் கரைப்பது உடலின் சொந்த வேலை. அப்பா வயல்காரர். "அடைப்பை எடுக்காம வரப்பை மட்டும் கட்டினா நிக்காது, அப்படித்தானம்மா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவின் ஐயம் மருத்துவ உலகத்துக்கும் நெடுநாள் இருந்த ஐயமே. ஜெர்மனியில் ஐன்ஹாப்லும் அவருடைய துணைவர்களும் 20 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, பத்துப் பேருக்கு ஹெபாரினும் பத்துப் பேருக்கு வெறும் மருந்தும் கொடுத்து 1991-இல் முடிவை வெளியிட்டனர். முன்பே கசிவு இருந்தவர்களும் அவர்களில் அடக்கம். வெறும் மருந்து பெற்றவர்களில் மூவர் இறந்தனர். ஹெபாரின் பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் மருத்துவத்தின் போக்கை அது மாற்றிற்று. பின்னர் 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு எண்பது பேர் அளவில் முழுக்குணம் பெற்றிருந்தனர்; இறந்தவர் நூற்றுக்கு எட்டு. ஒரு காலத்தில் பிணப் பரிசோதனையில் மட்டும் தெரிந்த நோய் இது என்பதை எண்ணும்போது இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

அக்காவுக்குப் பன்னிரண்டு நாள் மருத்துவமனை. பின் ஆறு மாதம் வார்ஃபரின் மாத்திரை. அளவு கூடினால் இரத்தப்போக்கு, குறைந்தால் உறைவு, ஆகவே ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையில் எண் 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்க அம்மாத்திரை தடையில்லை. பி12 ஊசியும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும் உடன் நடந்தன. அவள் இப்போது நலம். வலக்கை எழுத்து மட்டும் சற்றுக் கோணலாக வருகிறது. மகனுக்கு ஊட்டுவதற்கு அந்தக் கை போதும் என்கிறாள். மறுபேறு வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், உறைவுத் தடுப்பு ஊசி தேவைப்படலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முடிவுரை

பழைய வழக்கங்களை எள்ளி நகையாட இக்கட்டுரையை நான் எழுதவில்லை. பேறுகாலத்தில் பூண்டும், முருங்கைக்கீரையும், ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் கொடுக்கும் நம் வழக்கத்தில் இரும்பும் ஃபோலேட்டும் பி12-உம் இருக்கின்றன. அப்பத்தாவின் சட்டத்தில் தள்ள வேண்டியது தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். அதையும் அவரே தள்ளிவிட்டார். சென்ற ஐப்பசியில் எங்கள் சித்தப்பா மகள் பிள்ளைபெற்று வந்தபோது, கட்டில் தலைமாட்டில் நிறைகுடம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தவர் அப்பத்தா. யாரும் எதுவும் பேசவில்லை.

பிரசவித்து ஆறு வாரத்துக்குள், முன்பு இல்லாத தலைவலி வந்து நாளுக்கு நாள் வளர்ந்தால், படுத்தால் கூடினால், வாந்தியோ கண் மங்கலோ வலிப்போ ஒரு பக்கத் தளர்ச்சியோ பேச்சுத் தடுமாற்றமோ சேர்ந்தால், அதைத் தூக்கக் கேடு என்று விட்டுவிடக் கூடாது. மூளைச் சிரை அடைப்பாக இருக்கலாம். பேறுகால இரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். எதுவாயினும் மருத்துவமனையில் பார்க்க வேண்டியதே. பிரசவம் ஆகி எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரையும் தொலைவில் இல்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக எண்ணுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பேணுபவரையும் நான்காவதாகச் சேர்த்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்த நான்காம் ஆளை நான் பொருட்படுத்தவில்லை. அந்த எட்டாம் நாள் இரவில் அங்கே இருந்த நான்காம் ஆள் நான்தான். நம் வீடுகளில் அக்காவோ அண்ணியோ பிள்ளைபெற்று வரும்போது, துணைக்குப் படுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற மாணவ மாணவியரே. இரவில் அவர்கள் தண்ணீர் கேட்டால் செம்பு நிறையக் கொடுங்கள். தலை வலிக்கிறது என்று சொன்னால் எழுந்து உட்கார்ந்து கேளுங்கள்.